பாம்பன் பாலம் புகட்டும் பாடம்

ஒரு தேசத்தின் செல்வம் அதன் விளைநிலங்களிலும் பண்டசாலைகளிலும் மாத்திரம் அடங்கியதன்று. மக்களையும் பொருளையும் கொண்டு செல்லும் வழிகளிலும் அடங்கியுள்ளது. வழியமைத்தல் அரிது; அமைத்ததைக் காத்தல் அதனினும் அரிது. இதற்குப் பாம்பன் பாலத்தின் சரித்திரத்தினும் தக்க சான்று வேண்டுவதில்லை எனக் கருதுகின்றோம்.

முன்னாளில் தென்னாட்டிலிருந்து இலங்கைக்குச் செல்வோர் தூத்துக்குடி சென்று, ஆங்கிருந்து நெடுந்தூரம் கடலில் அல்லலுற்றே கொழும்பு சேர்ந்தனர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கோ இருபது மைலுக்குச் சற்று மிகுதியான தூரமே. ஆதலின் இராமேசுவரத் தீவு வழியே இருப்புப் பாதை அமைக்கத் துணிந்தனர். ஆயினும் ஓர் இடையூறு நின்றது. புகைவண்டிக்குப் பாலம் வேண்டும். பாம்பன் கால்வாயிற் செல்லும் கப்பல்களுக்கோ வழி வேண்டும்.

அமெரிக்க எஞ்சினீயராகிய ஷெர்ஸர் கண்ட முறை இவ்விரண்டிற்கும் இடந்தந்தது. பாலத்தின் ஒரு பகுதி, இரு கதவுகள் போல இருபுறமும் உருண்டு மேலெழும்படி அமைக்கப்பட்டது. கிணற்றுத் துலாவின் பின்புறம் கட்டிய கல்லைப் போன்று எதிர்ப்பாரம் உதவியமையால், பெருஞ்சுமையான இரும்புக் கதவுகளை ஆட்கள் தம் கைகளாலேயே நெம்புகோல் சுழற்றித் திறந்தனர். 6,776 அடி நீளமுள்ள அப்பாலம் 1914-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி திறக்கப்பட்டது.

ஐம்பது வருஷம் கழிந்தபின், 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி இரவு பெரும்புயல் எழுந்தது. தனுஷ்கோடியை நெருங்கிய புகைவண்டி கடல் வாய்ப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடித் துறை அன்றோடு அழிந்தது. பாலத்தின் 126 இரும்பு உத்தரங்களை அலைகள் வாரிச் சென்றன. திறந்து மூடும் பகுதி நிலைத்து நின்றது. ஸ்ரீ ஈ. ஸ்ரீதரன் என்னும் எஞ்சினீயரின் பொறுப்பில், கடலிற் கிடந்த உத்தரங்களை மீட்டுப் பொருத்தி, 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டனர்.

புயலினும் கொடிய பகை வேறொன்றுண்டு. அஃது உப்புக் காற்றால் விளையும் துரு. புயல் ஓரிரவில் வந்து போகும். துருவோ இரவும் பகலும் ஓயாது அரிக்கும். அதனைச் சுரண்டி வர்ணம் பூசி, தேய்ந்த உறுப்புகளை மாற்றிய தொழிலாளர் எத்துணையோ பேர். அவர் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை. அவர்தம் உழைப்பினாலன்றோ அப்பாலம் 2022-ஆம் வருஷம் டிசம்பர் வரை, நூற்றெட்டு வருஷம் புகைவண்டியைத் தாங்கிற்று!

இப்போது அதனருகே புதிய பாலம் நிற்கின்றது. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி திறக்கப்பட்ட இதில், 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, இரு கோபுரங்களிடையே மின்விசையால் 17 மீட்டர் உயரம் நேராக எழுகின்றது. துருவைத் தடுக்கும் பொருட்டுத் துருப்பிடியாத எஃகுக் கம்பிகளும் விசேஷ வர்ணப்பூச்சும் இடப்பெற்றுள்ளன. பழைய பாலம் கற்பித்ததைப் புதியது ஏற்றுக்கொண்டது எனலாம்.

அன்பர்காள்! நம் ஊர்களில் பாலம் திறக்கும் நாளில் மாலையும் மேளமும் உண்டு. அதே பாலத்தில் அரசமரம் வேர்விடும் நாளில் கேட்பாரில்லை. எஞ்சினீயர் தொழில் பயிலும் நம் வாலிபர்கள் புதியன கட்டுவதோடு நில்லாது, கட்டியவற்றைக் காக்கும் கலையையும் கற்பாராக. வருங்காலத்தார்க்கு நாம் வைத்துச் செல்லும் நிதி அதுவே.