தொய்வு நோயும் சளியின் சாட்சியமும்

தொய்வு என்றும் ஈளை என்றும் நம்மவர் வழங்கும் ஆஸ்துமா, மூச்சுக்குழல் இறுகுவதனால் மட்டுமே உண்டாவதென வைத்தியர் பலர் நெடுங்காலம் கருதினர். இறுக்கம் தளர்ந்து மூச்சு எளிதாயின் நோயும் அடங்கிற்று என்பது அவர்தம் கணிப்பு. ஆயின், நோயாளி உமிழும் சளியோ வேறொரு செய்தியைக் கூறி வந்தது.

1872 ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் லைடன், தொய்வு நோயாளரின் சளியிலே இருமுனையும் கூரிய நுண்பளிங்குகளைக் கண்டு எழுதினார். 1879 ஆம் ஆண்டில் போல் ஏர்லிக், இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்களை இனங்கண்டார். இயோசினோபில் எனப் பெயர்பெற்ற இக்கலங்களிலிருந்தே அப்பளிங்குகள் தோன்றுகின்றன என்பது பிற்காலத்திற் புலனாயிற்று. சளியில் இவை மிகுந்திருத்தல், மூச்சுக்குழலின் உட்புறத்தே அழற்சி கனன்றுகொண்டிருப்பதற்கு அடையாளமாகும்.

இவ்வடையாளத்தால் நோயாளிக்கு விளைந்த பயன் யாது? 1956 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் நடந்த பரிசோதனையொன்று, கோட்டிசோன் மருந்து நாட்பட்ட தொய்வுக்கு நிலையான நன்மை தரவில்லையெனக் காட்டிற்று. மருந்தே கைவிடப்படும் நிலை தோன்றியது. அவ்வேளையில் டார்பி நகர வைத்தியர் மோரோ பிரவுண், நோயாளரின் சளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். இயோசினோபில் உடையோர் அதே இன மருந்தாகிய பிரெட்னிசொலோனால் நலமுற்றனர். அஃது இல்லாதோர் பயன்பெற்றிலர். 1958 ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். குறை மருந்தில் அன்று. யாருக்குக் கொடுப்பது என்று அறியாமையிலேயே இருந்தது.

எனினும், அந்நுணுக்குக்காட்டியின் பாடம் வைத்தியசாலைகளிற் பரவ நெடுங்காலம் சென்றது. 2002 ஆம் ஆண்டில் லெஸ்டர் நகர ஆய்வாளர் 74 நோயாளரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான முறைப்படியும், மற்றப் பிரிவினர்க்குச் சளியிலுள்ள கலங்களின் அளவைப் பார்த்தும் மருந்து தரப்பட்டது. முன்னவர்க்குக் கடும் நோயெழுச்சி 109 முறை நேர்ந்தது. பின்னவர்க்கு 35 முறையே நேர்ந்தது. மருந்தின் மொத்த அளவிலோ பெரு வேற்றுமையில்லை.

சளியைச் சோதித்தல் எங்கும் எளிதன்று. 1993 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டவர், தொய்வு நோயாளர் வெளிவிடும் மூச்சிலே நைத்திரிக் ஒட்சைட்டு வாயு மிகுந்திருப்பதைக் கண்டனர். இன்று ஒரு கருவியில் ஊதுவதனாலேயே அவ்வளவு அறியப்படுகிறது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. மூச்சு இலேசாதல் வேறு. அழற்சி தணிதல் வேறு. மேலே தணல் அவிந்த சாம்பலின் உள்ளே நெருப்பு இருத்தல் கூடும். சுகமாயிற்று என்றெண்ணி, வைத்தியர் சொல்லாமுன் தடுப்பு மருந்தை நிறுத்துவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.