கட்டுப்பாடும் நம்பகமும்: ஸ்பார்க் மொழியின் தோற்றம் பற்றிய ஒரு குறிப்பு

மொழியின் வளம் அதன் பெருக்கத்தில் தங்கியுள்ளது என்ற எண்ணத்தைக் கணனி மொழிகளின் வரலாறு மறுக்கின்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முயற்சியாற் பிறந்த ஏடா மொழி அளவுமீறிச் சிக்கலானது என, ஹோர் தமது 1980ஆம் ஆண்டு ரியூறிங் விருதுரையிற் கண்டித்தார். அணுமின் நிலையங்கள் போன்றவற்றில் அதனை அன்றைய நிலையிற் பயன்படுத்தலாகாது என எச்சரித்தார். எனினும் 1983இல் அம்மொழி நியமமாயிற்று.

இம்முரண்பாட்டிற்கு இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பேர்னாட் கரேயும் உடனாய்வாளரும் 1980களில் விடை தேடினர். ஏடாவிலிருந்து சுட்டிகள், மீளழைப்பு, விதிவிலக்குகள் முதலியவற்றை அகற்றி 'ஸ்பார்க்' என்னும் உட்கணத்தை வகுத்தனர். அதில் எழுதிய நிரலிற் குறித்த வழுக்கள் இல்லையென்பதை, ஓட்டிப்பார்க்கும் முன்பே கணித முறையால் நிறுவ முடிந்தது.

இக்கட்டுப்பாடு நிரந்தரமானதன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். நிறுவல் முறைகள் வளர்ந்தபின், சுட்டிகளும் உடைமை விதிகளுக்கு அமைய மீள அனுமதிக்கப்பட்டன. எனவே, நிரலாளரின் சுதந்திரத்திற்கு எல்லை வகுக்கவேண்டியது அதிகாரமன்று. அந்நிரலை நம்பி வாழும் மக்களுக்கு எதனை நிறுவிக் காட்டலாம் என்பதேயாகும்.