குப்பைத் தொட்டிக்கும் பூட்டு வேண்டும்

போன மாதம் சாயங்கால நடை முடிந்து திரும்பும்போது, தெப்பக்குளத்துப் பக்கம் பத்து ரூபாய்க்கு வறுத்த கடலை வாங்கினேன். வீட்டுக்கு வந்து தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், அது ஒரு ஜெராக்ஸ் தாள். மேலே ஒரு பெண்ணின் பான் கார்டு, கீழே அவருடைய ஆதார் அட்டை. ஓரத்தில் கையெழுத்து, போன் நம்பர். மூலையில் பேனாவால் 'ஜி.எஸ்.டி. புதுப் பதிவு' என்று எழுதியிருந்தது. எழுதியவர் என் தொழில்காரர்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

நான் 1971-இல் விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதப் போனேன். 1978-இல் தனியாக விற்பனை வரி ஆலோசகராக போர்டு மாட்டினேன். எங்களை எஸ்.டி.பி. என்பார்கள். மாதா மாதம் ரிட்டர்ன் போடுவது, வருஷ முடிவில் முதலாளியின் கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நிற்பது, இதுதான் வேலை.

இந்த வரி எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம், பொருள் விற்பனைக்கு வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது. 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அன்றைக்கு முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷமே அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை மூலம் வந்த பணம் நின்றுபோனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே பொதுவான விற்பனை வரியை முதலில் போட்டது நம் மாகாணம்தான்.

வரி பெரிதில்லை. வருஷ விற்பனை 10,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. 20,000 வரைக்கும் மாதம் 5 ரூபாய். அதற்கு மேலே போனால் நூற்றுக்கு அரை ரூபாய். ஆனால் ஒரே சரக்கு நாலு கை மாறினால் நாலு தடவை வரி விழும். 1959-இல் புதுச் சட்டம் வந்து, பல சரக்குகளுக்கு ஒருமுனை வரி வந்த பிறகுதான் அது கொஞ்சம் சீரானது.

வியாபாரிகள் அந்த வரியை எதிர்த்தார்கள். என் முதல் முதலாளி சொல்வார்: "அரை ரூபாய் கொடுக்கிறது கஷ்டம் இல்லடா. பேரேட்டை இன்னொருத்தன் கண்ணுல காட்டணுமே, அதுதான் கஷ்டம்." மண்டிக்காரருக்குப் பேரேடு என்பது வீட்டுப் பூஜை அறை மாதிரி. யாரிடம் வாங்குகிறார், என்ன விலைக்கு வாங்குகிறார், யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். கூடப் பிறந்தவருக்குக்கூடக் காட்ட மாட்டார். வரி வந்ததும் அந்தப் பேரேட்டை இரண்டு பேர் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருவர் அதிகாரி, இன்னொருவர் எங்களைப் போன்ற ஆள்.

அதிகாரி பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. இன்றைய ஜி.எஸ்.டி. சட்டத்திலும் 158-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. என்னைப் போன்றவனைக் கட்டிப்போட்டது நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கையை நான் ஒரு தடவை கெடுத்துவிட்டேன். இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

1984-ஆம் வருஷம். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அண்ணாச்சி குண்டூரிலிருந்து வத்தல் வரவழைப்பார். வெளி மாநிலச் சரக்கு என்பதால் மத்திய விற்பனை வரி உண்டு. வாங்குகிறவர் 'சி ஃபாரம்' கொடுத்தால் 4 சதவீதம்தான். கொடுக்காவிட்டால் 10 சதவீதம், அல்லது விற்கிறவர் மாநிலத்து வரி, எது கூடுதலோ அது. அதனால் அந்த ஃபாரம் வெற்று செக் மாதிரி. வரி ஆபீசில் எண்ணித்தான் கொடுப்பார்கள். தொலைந்தால் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபாரங்களை நான் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வேன்.

ஆனால் அந்த ஃபாரத்துக்காக எழுதும் பட்டியலை? எந்தெந்தத் தேதியில், குண்டூரில் எந்தக் கமிஷன் மண்டியில், எத்தனை மூட்டை, என்ன விலை என்று ஒரு முழுத்தாளில் எழுதினேன். கூட்டலில் ஒரு தப்பு. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்து எழுதினேன். கூடையை மறுநாள் பெருக்குகிற அம்மா எடுத்துப்போய் எடைக்குப் போட்டாள். அது சுற்றிச் சுற்றி எப்படிப் போனதோ, அதே தெருவில் இருந்த இன்னொரு மண்டிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமே அவர் குண்டூருக்கு ஆள் அனுப்பி, அதே மண்டியில் மூட்டைக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்துச் சரக்கைப் பேசி முடித்துவிட்டார். அந்த சீசனில் அண்ணாச்சிக்கு நல்ல சரக்கு கிடைக்கவில்லை. தை மாதம் வைத்திருந்த மகள் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒருநாள் காலையில் வந்து கசங்கிய அந்தத் தாளை மேஜை மேல் வைத்து, கையால் நீவிவிட்டார். "எழுத்து உங்க எழுத்துதானே?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீங்க வாய் தவறிச் சொல்ற ஆள் இல்ல, எனக்குத் தெரியும். கணக்கு எழுதுறவன் வாய்க்கு மட்டும் பூட்டுப் போட்டா பத்தாது. குப்பைத் தொட்டிக்கும் போடணும்" என்று சொல்லிவிட்டுக் கணக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் என் படி ஏறவில்லை. கல்யாணப் பத்திரிகை மட்டும் அனுப்பினார். எனக்குப் போக முகமில்லை.

அன்றிலிருந்து தப்பான தாளைக் கிழித்துத் தண்ணீர் வாளியில் ஊறப்போட்டுத்தான் வெளியே விடுவேன். ஆபீஸ் பையன்கள் சிரிப்பார்கள்.

காலம் மாறியது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் 2005-லேயே வந்துவிட்ட வாட் வரி, நம் மாநிலத்தில் 2007 ஜனவரி 1-இல் வந்தது. 1, 4, 12.5 சதவீதம் என்று விகிதங்கள். 2011 ஜூலையில் 4 என்பது 5 ஆகவும், 12.5 என்பது 14.5 ஆகவும் ஏறின. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்பதால் ஒருவர் பில் இன்னொருவர் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். பேரேடு கம்ப்யூட்டருக்குள் போனது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. பதினைந்து எழுத்துள்ள எண். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் நம்பர். போன செப்டம்பர் மாதங்களில் ஒன்றில், 2025-இல், 12, 28 சதவீத விகிதங்களை எடுத்துவிட்டு 5, 18, 40 என்று மாற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கும். விகிதம் எத்தனை மாறினாலும் எங்கள் மேஜைக்கு வரும் ரகசியம் மட்டும் கூடிக்கொண்டேதான் போனது.

அண்ணாச்சி காலத்தில் தாள் வெளியே போனால் ஒரு சீசன் சரக்குப் போகும். இன்றைக்குப் பான், ஆதார், போட்டோ மூன்றும் வெளியே போனால், அந்த ஆள் பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு விற்றுவிடுகிறார்கள். கடைசியில் கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்து நிற்கிறது. இப்படிப் போலிப் பதிவுகளைத் தேடிப்பிடிக்கவே 2023 மே 16-இல் தொடங்கி இரண்டு மாதம் நாடு முழுக்கத் தனிச் சோதனை நடத்தினார்கள்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமில்லை. அமெரிக்காவில் தென் கரோலினா மாநில வரித் துறையில் 2012-இல் ஊழியர் ஒருவர் ஏமாற்று மின்னஞ்சலில் இருந்த இணைப்பை அழுத்திவிட்டார். அந்த வழியாக உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 36 லட்சம் பேரின் சமூகப் பாதுகாப்பு எண்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நாட்டில், கூலிக்கு வரிப் படிவம் நிரப்புகிறவர் தகவலை எப்படிக் காப்பேன் என்று எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டம். நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம் என்கிறது அது.

சரி, கடலைப் பொட்டலத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை அந்தத் தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "அம்மா, உங்க ஆதார் நகல் ஒண்ணு தெருவுல கிடைச்சிருக்கு" என்று ஆரம்பித்ததுமே, "யார் நீங்க? இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது? ஓ.டி.பி. எல்லாம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்னை மோசடிக்காரன் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நல்ல எச்சரிக்கைதான். அந்தத் தாளைக் கிழித்து வாளியில் ஊறப்போட்டேன்.

அப்புறம் பரணில் ஏறினேன். தொழிலை விட்டுப் பல வருஷமாகியும் பதினாறு கட்டுகள் அங்கே கிடந்தன. கணக்கை 72 மாதம் வைத்திருந்தால் போதும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. நான் சோம்பலால் வைத்திருந்தேன். என் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை எடைக்குத்தான் போடுவார்கள். ஆறு குடும்பத்தாரைத் தேடிப்பிடித்து அவரவர் கட்டைக் கொடுத்தேன். மீதியை நான்கு நாள் உட்கார்ந்து கிழித்து ஊறவைத்துக் கரைத்தேன். எல்லாருடைய பாஸ்வேர்டையும் எழுதி வைத்திருந்த பழைய டைரியும் அதோடு போனது.

கடை வைத்திருக்கும் நண்பர்கள், பிள்ளைகள் யாரானாலும் என் வேண்டுகோள் இதுதான். ஜி.எஸ்.டி. பதிவில் உங்கள் போன் நம்பரும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும், ஆலோசகருடையது வேண்டாம். அவருடைய நம்பர் இருந்தால் வரி ஆபீசில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். ஆலோசகர் தன் சொந்த லாகின் வழியாகவே உங்கள் ரிட்டர்னைப் பார்க்க வழி இருக்கிறது. பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதில்லை. நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அதன் குறுக்கே தேதியோடு எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அந்த அண்ணாச்சி காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பரணில் அவர் கட்டு இல்லை, 1984-லேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாரே. இருந்திருந்தால் அதை நானே தூக்கிக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பேன்.