எண்ணெயா, கிரீஸா?

மோட்டார் காரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதை வரைந்த நிபுணர்களைப் பற்றி எழுதுகிறார்கள். பந்தயத்தில் ஜெயித்த வீரர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அடியில், சேறும் சகதியும் தெறிக்கிற இடத்தில் ஒளிந்திருக்கும் ஒரு மரையைப் பற்றி யாரும் அத்தியாயம் எழுதுவதில்லை. நான் கதை எழுதுகிறவன். சின்னப் பாத்திரங்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. ஆகவே அந்த மரையின் கதையைச் சொல்கிறேன்.

1959-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற கார் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜொவான்னி மிச்சலோட்டி என்ற இத்தாலியர். நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்குகிற ஏற்பாடு அதில் இருந்தது. முன்சக்கரங்கள் மடங்கித் திரும்புகிற அழகைக் கேட்கவே வேண்டாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகத் திரும்பிவிடும். அந்தச் சாமர்த்தியம் அதுவரை லண்டன் டாக்ஸிக்குத்தான் உண்டு என்று பெயர்.

1961-ல் அந்தக் கார் நம்மிடமே வந்து சேர்ந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்து, ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்று பெயரிட்டு விற்றார்கள். பிற்பாடு இந்தியாவுக்கென்றே நான்கு கதவுகள் வைத்தும் செய்தார்கள்.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். முன்சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தாக நிற்கும் ஓர் எஃகுத் துண்டு. அதன் மேல் முனையில் ஒரு பந்து மூட்டு. கீழ் முனையில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகியிருக்கிறார்கள். இந்தக் கட்டிக்குத்தான் ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கலத்துக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்தப் பக்கத்து முன்பாரம் முழுவதும் அதன் தலையில்தான்.

அதற்குக் கம்பெனி விதித்த ஆகாரம் எண்ணெய்; கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய். கிரீஸ் அல்ல. எண்ணெய் மரை நெடுகிலும் வழிந்து அடிவரை போகும். கிரீஸோ போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வழியை அடைத்துவிடும். அடியில் தண்ணீர் புகும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, எஃகு துருப்பிடிக்கும். முதலில் ஸ்டீரிங் கனக்கும். வளைவில் திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. அப்புறம் ஒரு நாள், சந்தில் மெதுவாகத் திரும்பும்போது, மரையின் அருகே எஃகு ஒடிந்து, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது நடந்தால் புண்ணியம். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், எண்ணெயைச் செலுத்துவதற்கும் கிரீஸ் கன்தான். கன்னில் எண்ணெயை நிரப்பி அடிக்க வேண்டும் என்று கார்ச் சொந்தக்காரருக்குக் கொடுத்த புஸ்தகம் சொல்லியது. புஸ்தகம் முதல் சொந்தக்காரரோடு நின்றுபோயிற்று. கார் மட்டும் கை மாறிக்கொண்டே போயிற்று. கையில் கிரீஸ் கன் இருக்கிறவன் கிரீஸைத்தானே அடிப்பான்? வேலையில் அக்கறை உள்ளவன் இன்னும் இரண்டு அடி கூடவே அடிப்பான்!

ஒரு பட்டறையில் அப்படிப்பட்ட ஹெரால்ட் ஒன்றைப் பிரித்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். ட்ரன்னியனை அதன் கையோடு சேர்க்கும் நீண்ட போல்ட், உள்ளே இருந்த எஃகுக் குழலோடு துருவேறி ஒன்றாகியிருந்தது. இரவு முழுவதும் எண்ணெயில் ஊறப் போட்டார்கள், மறுநாள் நெருப்புக் காட்டினார்கள், சுத்தியலால் தட்டினார்கள். அசையவில்லை. கடைசியில் வயதான மெக்கானிக் ரம்பத்தை எடுத்து இரண்டு பக்கமும் அறுத்தே எடுத்தார். "இது மேலே கோபப்பட்டு என்னங்க பண்றது? கேட்டதைக் கொடுக்கல்லே" என்றார்.

அப்படியானால் குற்றம் யாருடையது? அமைப்பே மோசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே அமைப்புடன் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை ஓடியது. பந்தயக் கார்களுக்குப் பேர்போன லோட்டஸ் கம்பெனிகூட அந்த எஃகுத் துண்டைத் தன் கார்களில் வைத்துக்கொண்டது. எண்ணெய் கிடைத்தவரையில் அது சொன்ன சொல் தவறவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். காருக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு வாராவாரம் கிரீஸ் கன் என்றிருந்த காலத்தின் பிள்ளை அந்த மரை. ஹெரால்டோ தானே ஓட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறவருக்காகச் செய்த கார். கிரீஸ் போடும் வேலையைக் குறைப்பதற்காகப் பல மூட்டுகளில் ரப்பரும் நைலானும் வைத்தார்கள். மீதி இருந்த ஒன்றிரண்டு இடங்கள் அதனாலேயே மறந்துபோயின. நூறு வேலை இருந்தால் மனிதன் பட்டியல் போட்டுச் செய்வான். ஒரே வேலை இருந்தால் நாளைக்கு என்று தள்ளுவான். பின்னால் வந்த கார்களில், ஆயுள் முழுவதற்கும் உள்ளேயே மசகு வைத்து மூடிய பந்து மூட்டுகள் வந்தன. மனிதனுடைய ஞாபகத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டுகொண்ட ஏற்பாடு அது.

இன்றும் சென்னையில் ஹெரால்டைக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு கன்னை எண்ணெய்க்கென்றே ஒதுக்கி, அதன்மேல் பெயிண்டால் 'எண்ணெய்' என்று எழுதிவிடுங்கள். காரை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.