குன்றுகளுக்குச் செல்லும் வழி

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் எத்திசையில் நோக்கினும் ஒரு குன்று தென்படும். திருநகரில் வாழ்வோருக்குத் திருப்பரங்குன்றம் அடுத்த வீடு போன்றது. விளாச்சேரியைக் கடந்து வடக்கே சென்றால் கீழக்குயில்குடியின் சமணர் மலை. மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையருகே படுத்திருக்கும் யானைமலை. அதற்கும் அப்பால் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு. இவை யாவற்றுக்கும் பேருந்தில் ஏறிச் சென்று, இறங்கிய இடத்திலிருந்து நடந்தே அடிவாரத்தை அடையலாம். ஆயினும் நம்மில் பலர் இக்குன்றுகளைப் பேருந்தின் சன்னல் வழியாகவே கண்டு பழகியிருக்கிறோம். இறங்கி நடப்பவர்க்கு மட்டுமே திறக்கும் ஒரு வரலாறு அங்கே காத்திருக்கிறது.

அவ்வரலாறு நடந்து வந்தவர்களோடு தொடங்குகிறது. சமணத் துறவியர் வாகனம் ஏறுவதில்லை. ஊர் ஊராக நடந்து செல்வதே அவர்களின் நெறி. மழைக்காலத்தில் மட்டும், முளைக்கும் பயிரையும் ஊரும் உயிர்களையும் மிதித்துவிடலாகாது என்பதற்காக, நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குவர். அந்தத் தங்கலுக்கு உரிய இடங்களாகவே மதுரையைச் சுற்றியுள்ள குகைத்தளங்கள் அமைந்தன. இயற்கையான குகையின் தரையை மழமழப்பாகச் செதுக்கி, தலைப்பகுதியைச் சற்றே உயர்த்திக் கற்படுக்கைகள் வெட்டினார்கள். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டி, மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டி விழுமாறு செய்தார்கள். இன்றும் மழை நாளில் அங்கு நிற்போர் அக்காடி தன் வேலையைச் செய்வதைக் காணலாம்.

அப்படுக்கைகளை அமைத்துக் கொடுத்தவர் யாவர்? காடியை ஒட்டிப் பொறிக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துகள் விடை தருகின்றன. மாங்குளம் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அவ்வெழுத்துகள் குறிப்பது தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் அவற்றை மேலும் தெளிவுறப் படித்தார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டிய வேந்தனின் பெயர் இருக்கிறது. அதனோடு வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவாகிய நிகமத்தாரும் கொடையாளராகக் குறிக்கப்படுகின்றனர். அழகர்மலைக் குகைத்தளத்திலோ வேந்தனைக் காணோம். மதுரைப் பொன் வினைஞர், உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் ஆகியோரே வரிசையாக நிற்கின்றனர். கீழவளவில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்ட விந்தையான கல்வெட்டு, தொண்டியைச் சேர்ந்த உபாசகர் ஒருவர் பள்ளி அமைத்துக் கொடுத்ததைக் கூறுகிறது. தொண்டி கிழக்குக் கடற்கரைத் துறைமுகம். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்த வணிகப் பாதையை ஒட்டியே இக்குகைத்தளங்கள் அமைந்தன என்று அறிஞர் பலர் கருதுவது இதனாலேயே.

உபாசகர் என்பவர் துறவி அல்லர். இல்லறத்தில் நின்று, தொழில் செய்து, தம் ஈட்டத்தில் ஒரு பங்கை நெறிக்கென ஈந்தவர். இன்று நாம் பொதுநிலையினர் என்று சொல்கிறோமே, அத்தகையோர். உப்பு விற்றவரும் கொழு விற்றவரும், தாம் ஒருபோதும் படுத்துறங்காத படுக்கையை, முன்பின் அறியாத வழிநடையாளர் ஒருவருக்காக வெட்டுவித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் பெயர் கல்லில் நிற்பது அந்த ஒரு செயலுக்காகத்தான். நம் சிந்தனைக்குரிய செய்தி அன்றோ இது!

குன்றுகள் பின்னரும் வெறுமையாகக் கிடக்கவில்லை. யானைமலையில் பாண்டிய வேந்தனின் அமைச்சராகிய மாறன் காரி கி.பி. 770-இல் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார். அவர் மறைந்தபின் அவர் தம்பி பணியை நிறைவு செய்தார். அதே மலையில் சமணத் திருமேனிகளும் உள்ளன. சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற புகழ்பெற்ற துறவியின் தாயார் குணமதியார். துறவு பூண்ட மகனின் நெறிக்கு ஒரு தாய் தந்த காணிக்கை அது. அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. திருப்பரங்குன்றத்தில் முருகன் குடைவரையும், உச்சியில் சிக்கந்தர் தர்காவும், மேற்கே சமணப் படுக்கைகளும் ஒரே பாறையில் இடம் பெற்றுள்ளன.

ஆனால் நடக்கும் உரிமை எக்காலத்தும் எல்லார்க்கும் வாய்த்ததன்று. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை வட்டாரத்துக் கள்ளர் ஊர்கள்மீது ஏவப்பட்டபோது, அதற்கு முதலில் ஆட்பட்ட ஊர்களுள் கீழக்குயில்குடியும் ஒன்று. பிறந்த குலத்தையே குற்றமாக்கிய அச்சட்டத்தின் கீழ், ஆடவர் இரவில் காவலரிடம் தம்மை ஒப்புவிக்க வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் எல்லையைத் தாண்டலாகாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இக்கொடுமையை எதிர்த்தவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று. இன்று நாம் காற்று வாங்க நடக்கும் அதே பாதையில், அவ்வூர் மக்கள் சீட்டைக் கையில் ஏந்தியே அடியெடுத்து வைக்க நேர்ந்தது. இதை நினையாமல் அம்மலையடியைக் கடப்பது நமக்குத் தகாது.

எளியோருக்குத் தொலைவைச் சுருக்கித் தந்தது பேருந்து. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். 1972-இல் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. நகரப் பேருந்துகள் சிற்றூர்களின் ஆலமரத்தடி வரை சென்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. கூடையுடன் சந்தைக்குச் செல்லும் தாயையும் குன்றைக் காண வரும் மாணவியையும் அதே பேருந்து ஏற்றிச் செல்கிறது. இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் மாதத்தில், மான்செஸ்டர் நகரத் தொழிலாளர் தம் ஓய்வு நாளில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் நடக்கும் உரிமை கோரித் தடையை மீறி ஏறினர். அவர்களுள் சிலர் சிறை சென்றனர். 2000-ஆம் ஆண்டில்தான் திறந்த நிலங்களில் நடக்கும் உரிமை அந்நாட்டில் சட்டமாயிற்று. உழைப்பாளிக்கு ஒரு நாள் ஓய்வும், கால் பதிக்க ஒரு வழியும் வேண்டும் என்பது எந்நாட்டுக்கும் பொதுவான வேட்கை.

நம் ஊரில் தடை வேறு உருவில் வந்தது. வழி இருந்தது, மலைக்கே ஆபத்து நேர்ந்தது. கருங்கல் குவாரிகள் மேலூர் வட்டாரத்துக் குன்றுகளை அறுத்தெடுத்தன. கீழவளவில் கல்வெட்டுள்ள பாறையின் அருகிலேயே மலை வெட்டுண்டு கிடப்பதை இன்றும் காணலாம். 2010-ஆம் ஆண்டளவில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது சுற்றியுள்ள ஊர் மக்கள் எதிர்த்து நின்றனர். அக்காலத்தில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று பசுமை நடை என்ற இயக்கத்தைத் தொடங்கினார். விடியற்காலையில் குழந்தைகள் முதல் முதியோர் வரை ஒரு குன்றுக்கு நடந்து செல்வதும், கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையடியில் விளக்குவதைக் கேட்பதுமே அதன் வழிமுறை. மக்களின் கண்பட்ட மலையை எவரும் எளிதில் விழுங்க இயலாது என்பதே அதன் உட்பொருள்.

அரிட்டாபட்டி அதற்குச் சான்று. சிவன் குடைவரையும் சமணப் படுக்கையும் சுனைகளும் பறவைகளும் நிறைந்த அந்தப் பகுதி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழிந்து, அதனையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் வழங்கப்பட்டது என்ற செய்தி வந்தது. சிற்றூர்கள் திரண்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து பல்லாயிரம் மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தனர். அதே மாதம் 23-ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தை நீக்கியது. பழம்பாதையில் மீண்டும் கால்கள் நடந்தன, மலை நின்றது.

ஆகவே வாசகர்களே, விடுமுறை நாளொன்றில் நாமும் புறப்படுவோம். வெயில் ஏறுமுன் பேருந்து ஏறி, தண்ணீரைக் கையோடு கொண்டு செல்வோம். கற்படுக்கையில் பெயர் கிறுக்காமலும், சுனையில் குப்பை எறியாமலும், அடிவாரத்து ஊராரிடம் வழி கேட்டும் நடப்போம். அவ்வழியை நமக்குக் காத்துத் தந்தவர்கள் அவர்களே. உப்பு வணிகர் ஒருவர் அறியாதவர்க்குப் படுக்கை அமைத்துத் தந்தார். நமக்குப் பின் வரும் அறியாதவர்க்கு, அந்தக் குன்றை முழுமையாக விட்டுச் செல்வது நம் பங்கு.