மூச்சடக்கியவர்களின் வரலாறு: மன்னார் வளைகுடாவின் குளியாளிகள்

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்கு அண்மையில் அச்சங்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. கரிசல் மண்ணும் பட்டாசுத் தொழிலும் சூழ்ந்த அவ்வூரின் பெயரைப் பலரும் அறிந்தது ஒரு துயரத்தின் வாயிலாகவே. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கு நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே வட்டாரத்தில், வைப்பாற்றின் கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களின் துண்டுகள் கிடைத்தன. கடலே கண்ணுக்குத் தெரியாத கரிசல் காட்டில் சங்கு எவ்வாறு வந்தது? வைப்பாறு சென்று கலக்கும் மன்னார் வளைகுடா சங்குக்குப் பெயர்பெற்றது. வளையல் அணிந்த பெண்ணையும் அதை அறுத்த கைவினைஞரையும் அகழாய்வு நமக்குக் காட்டுகிறது. சங்கைக் கடலடியிலிருந்து எடுத்து வந்த மனிதரை மட்டும் அது காட்டவில்லை. அம்மனிதரைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்க விழைகிறோம்.

தூத்துக்குடி தொடங்கி மண்டபம் வரை நீளும் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் அமைந்துள்ளன. அவற்றுக்கு அப்பால், கரையிலிருந்து பல கல் தொலைவில், கடலடியில் பரந்து கிடக்கும் கற்பாறைத் திட்டுகளை நம் கடலோடிகள் 'பார்' என்றனர். முத்துச் சிப்பி பாரின் மேல் ஒட்டி வாழும். சங்கு பாரை அடுத்த மணற்பரப்பில் ஊர்ந்து திரியும். பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் உள்ளன. அதனைக் கடந்தால் தரை மேலும் தாழ்ந்து ஆழ்கடலை நோக்கிச் செல்லும். மனித மூச்சு எட்டிய எல்லை இந்தப் பார்தான்.

காலில் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றி இறங்குவதும், கூடையிலோ வலைப்பையிலோ சிப்பியை வாரிக்கொள்வதும், கயிற்றை அசைத்துத் தோணியில் இருப்பவருக்குக் குறிப்புக் காட்டி மேலேறுவதும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். பத்துப் பாகத்தில் நீரழுத்தம் மேற்பரப்பைப் போல் மூன்று மடங்கை நெருங்குகிறது. நெஞ்சிலுள்ள காற்று மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்குகிறது. ஒரு நாளில் இதனைப் பன்முறை செய்தவர்கள் நம் முன்னோர். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பயணியான இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் குளியாளிகள் ஆமையோட்டால் ஆன முகக்கவசமும் மூக்குக்கவ்வியும் அணிந்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கியதை விவரித்துள்ளார். அக்கடலுக்கும் நம் கடலுக்கும் இடையே முத்தும் வணிகரும் மட்டுமன்றிக் குளியாளிகளும் சென்று வந்தனர். 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துச் சலாபத்தில் ஏறத்தாழ 5,000 குளியாளிகள் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அவர்களுள் அரபு நாட்டாரும் கீழக்கரை முஸ்லிம்களும் அருகருகே மூழ்கினர்.

இத்தொழிலை ஆண்டவர்களின் வரலாறு விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. போர்த்துக்கீசியர் 1538இல் வேதாளையில் சாமூதிரியின் மரக்காயர் தளபதிகளை வென்றது, 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானது, பின்னர் ஆங்கிலேயர் வந்தது என ஆட்சி மாறிய ஆண்டுகள் யாவும் நம்மிடம் உள்ளன. ஆயினும் எந்தக் கொடி பறந்தபோதும் நீருக்குள் இறங்கியவர் ஒருவரே. ஆங்கிலேயர் கால இலங்கைச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்தோருக்கு மூன்றில் ஒன்று. அந்த ஒரு பங்கும் படகுக்காரர், கயிறு பிடிப்போர் எனப் பலருக்கும் பிரிந்தது.

இஸ்லாமியச் சட்ட நூல்கள் இம்மனிதரை மறக்கவில்லை என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. இப்னு மாஜாவில் இடம்பெறும் ஒரு நபிமொழி, குளியாளியின் மூழ்கலை முன்கூட்டியே விலைபேசுவதைத் தடுக்கிறது. "அடுத்த முறை மூழ்கி எது கொண்டு வந்தாலும் அது இவ்விலைக்கு உனக்கு" என்னும் பேரமே அது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டெனினும், நிச்சயமற்ற விற்பனை கூடாது என்ற பொது விதிக்கு இசைந்திருப்பதால் சட்ட அறிஞர்கள் அக்கருத்தை ஏற்றனர். கடலில் எடுக்கும் அணிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்குரியது என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). அவருடைய ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதுவும் இல்லை என்றார். ஐந்தில் ஒன்று உண்டா இல்லையா என்று நம் இமாம்கள் வாதிட்ட பொருளில், பிற்கால அரசு மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டது! முன்பணம் கொடுத்து உழைப்பாளியைக் கட்டிவைக்கும் வழக்கம் கடற்கரையிலும் இருந்தது. கரிசல் காட்டிலும் அறியாததன்று. நாளை மூழ்கும் மூச்சை இன்றே விற்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவது, அந்த நபிமொழி தடுத்த பேரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது?

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்யானும் உருவாக்கிய காற்றுக்கலக் கருவி, மூச்சின் எல்லையை மாற்றியது. 1961இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் மைக் வில்சன் முக்குளித்தபோது ஒரு கப்பற்சிதைவு தென்பட்டது. அதிலிருந்து கட்டிகட்டியாக இறுகிய வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அவை ஔரங்கசீபின் ஆட்சியில், ஹிஜ்ரி 1113இல், சூரத்தில் அச்சிடப்பட்டவை. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதனை நூலாக்கி உலகறியச் செய்தார். அதே 1961இல்தான் தூத்துக்குடியில் அரசின் கடைசி முத்துச் சலாபம் நடந்தது. ஒரு கலை உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தபோது அதன் மூதாதை ஓசையின்றி விடைபெற்றது.

முத்து போனாலும் சங்கு எஞ்சியது. இன்று சங்கு குளிப்போர் பலர் படகிலிருந்து குழாய் வழி வரும் காற்றையோ உருளையிலுள்ள காற்றையோ சுவாசித்தே மூழ்குகின்றனர். இக்காற்று நெடுநேரம் அடியில் இருக்க உதவுகிறது. ஆனால் புதியதோர் ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. அழுத்தத்தில் குருதியில் கரையும் நைட்ரசன், விரைந்து மேலேறுகையில் குமிழிகளாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். ஆளை முடக்கவும் கூடும். மூச்சடக்கி மேலேறுவது பழைய குளியாளிக்கு இயல்பு; அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் அவ்வாறு செய்தால் நுரையீரலே கிழியும். தந்தையின் பழக்கம் மகனைக் கொல்லக்கூடும் என்பதால், பயிற்சி என்பது இங்கு உயிர்க் காப்பு.

அச்சங்குளத்தின் மத்தாப்பையும் வெம்பக்கோட்டையின் வளையலையும் கண்டு மகிழ்கிறோம், செய்தவரைக் கேட்பதில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெரியபட்டினத்திலும் மரக்காயர் வணிகத்தைப் பற்றி நாம் பெருமையுடன் எழுதியுள்ளோம். அவ்வணிகத்தைத் தாங்கிய குளியாளிகளின் பெயர்களை எழுதவில்லை. கடலடியைக் கால்களால் அறிந்த முதியோர் சிலரேனும் இன்னும் நம்மிடையே இருக்கலாம். பார்களின் பெயர்களையும் நீரோட்டக் குறிகளையும் அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்வது நம் கல்லூரிகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் எளிதில் இயலும் பணியே. முத்தையும் பவளத்தையும் தன் அருட்கொடைகளாக எடுத்துரைக்கும் இறைவேதத்தை ஓதும் நாம், அவற்றை ஏந்தி வந்த கைகளையும் நினைவிற்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.