சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பை ஒட்டி நிறுவப்பட்டது. முதல் அரை நூற்றாண்டில் அதன் வேலை தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும்தான். பாடம் நடத்தியவை கல்லூரிகள். பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்தி ஆராய்ச்சி நடத்த 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது.

இங்கு நடந்த ஆய்வின் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வரும் பெயர், இதன் எஃப்.ஏ. தேர்வில் தேறாத ஒருவருடையது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிவந்த சீனிவாச இராமானுஜனுக்கு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். மூன்று அறிக்கைகளைக் கொடுத்துவிட்டு, 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இன்றைய விதிகள் அன்றிருந்தால் அவர் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.

1914இல் வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு பொருளியலுக்கு வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி நிலம், கடன், கூலி ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் பற்றிய அந்த ஆய்வு 1918இல் நூலாயிற்று. பிற்கால ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் நிறுவனமாகவும் ஆக்கியது 1923ஆம் ஆண்டுச் சட்டம். 1948இல் மு. வரதராசன் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ் ஆய்வைத் தமிழிலேயே எழுதுவது பிறகுதான் வழக்கமாயிற்று.

அறிவியலில் பொற்காலம் என்றால் ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற பிறகு வந்த ஆண்டுகளைத்தான் சொல்லவேண்டும். கிண்டி வளாகத்தை அடுத்திருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் முன்வைத்தார். 1963இல் தம் மாணவர்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம் இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் கருவி.

இப்போது முனைவர் பட்ட ஆய்வு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு உட்பட்டது: முதலில் பாடத்தேர்வுகள், பிறகு ஆய்வேடு, கருத்துத் திருட்டுச் சோதனை, வெளித்தேர்வாளர் மதிப்பீடு, பொது வாய்மொழித் தேர்வு. முனைவர் ஆய்வுக்குப் படிக்கட்டாக இருந்த எம்.ஃபில். பட்டத்தை அவ்விதிமுறைகள் நிறுத்திவிட்டன.